பெயர் கரைந்த பெருவாழ்வு
(அறிவியலறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ் வரலாறு)

உப்பளமும் ஒரு குறிப்பேடும்

கேளம்பாக்கத்தில் வாழும் நமக்கு உப்பளம் புதியதன்று. கோவளம் செல்லும் சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாகக் கிடக்கும் உப்புநீரையும், வரப்போரம் வெண்மையாய்க் குவிந்திருக்கும் உப்பையும் பார்த்துப் பழகியவர்கள் நாம். கோடை முற்றி நீர் சுண்டச் சுண்ட உப்பளத்துப் பாத்திகள் இளஞ்சிவப்பு நிறங்கொள்வதும் உண்டு. வெயிலும் மண்ணும் சேர்ந்து காட்டும் நிறம் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உப்பு முற்றிய நீரில் மட்டுமே வாழவல்ல நுண்ணுயிரிகளின் நிறம் அது என்பதை, நுண்ணுயிரியலில் முதுகலை பயின்றுகொண்டிருந்த என் மகள்தான் எனக்குச் சொன்னாள்.

அவளுடைய ஆய்வுத் திட்டம் அந்நுண்ணுயிரிகளின் சவ்விலிருந்து கொழுப்புப் பொருள்களைப் பிரித்தெடுப்பது. ஒரு நாள் மாலை அவளது ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பிரித்தெடுத்த கொழுப்பை அளவிடும் பகுதியின் தலைப்பில் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று எழுதியிருந்தது. அயல்மொழிப் பெயர்களும் வேதியியல் குறியீடுகளும் நிறைந்த பக்கத்தில் நம் நாட்டுப் பெயர் ஒன்றைக் கண்டதும் வியப்பு மேலிட, சுப்பாராவ் என்பவர் யார் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் வகுப்புத் தோழியரையும் கேட்டு வந்து, அவர்களுக்கும் தெரியவில்லை என்றாள்.

சங்க இலக்கியம் கற்பிக்கும் எனக்கு அப்போது செம்புலப்பெயல்நீரார் நினைவுக்கு வந்தார். பாடியவரின் பெயர் கிடைக்காத நிலையில், பாட்டில் வந்த தொடரையே பெயராகச் சூட்டிப் போற்றினர் நம் தொகுப்பாசிரியர்கள். அங்குப் பாட்டு நின்றது, பெயர் மறைந்தது. சுப்பாராவ் அவர்கட்கோ பெயர் நின்றும் ஆள் மறைந்துவிட்டார். அவரைத் தேடிக் கற்றதன் விளைவே இக்கட்டுரை. இலக்கிய மலரில் ஒரு வேதியியலறிஞரின் வரலாறு எதற்கென எவரேனும் வினவலாம். நன்றி மறவாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. இவர்க்கு நாம் பட்ட கடன் எத்தகையது என்பதைக் கட்டுரையின் முடிவில் அன்பர்கள் தாமே உணர்வர்.

பிறப்பும் இளமையும்

காக்கிநாடாவில் தொடங்கி மரக்காணம் வரை நீண்டிருந்த பழைய உள்நாட்டு நீர்வழியின் ஒரு பகுதியே நம்மூரைக் கடந்து செல்லும் பக்கிங்காம் கால்வாய். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதன்வழியே சென்னைக்குச் சென்றன. அந்நீர்வழியின் வடகோடியாகிய கோதாவரிச் சமவெளியில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில், 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தையார் செகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். உடல்நலம் குன்றியதால் முன்னதாகவே பணியிலிருந்து ஓய்வு பெற்றார். தாயார் வேங்கம்மா. பிள்ளைகள் எழுவரில் இவர் நான்காமவர்.

இளமையில் இவர் படிப்பில் சிறந்து விளங்கினார் என்று எழுத இயலாது. பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என எண்ணி, உறவுச் சிறுவன் ஒருவனுடன் வீட்டை விட்டே புறப்பட்டுவிட்டார். தாயார் விடவில்லை, மகனை மீட்டுவந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். நெருங்கிய உறவினர் பலர் நோய்வாய்ப்பட்டு அடுத்தடுத்து மறைந்த காலம் அது. இராசமுந்திரியில் பள்ளிப்படிப்பு தடுமாறியது. இறுதியில் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முயற்சியில்தான் மெட்ரிகுலேசன் தேறினார்.

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் பயின்ற நாளில் அவருள்ளம் துறவில் தோய்ந்தது. இராமகிருஷ்ண மடத்துடன் நெருங்கிய தொடர்பு கொண்டு, துறவு பூண விழைந்தார். தாயின் இசைவின்றித் துறவு தருவதற்கில்லை என்பது மடத்தார் நிலை. வேங்கம்மா இசையவில்லை. மருத்துவம் பயின்று மக்களுக்குத் தொண்டாற்றுமாறு மடத்துப் பெரியோர் வழிகாட்டினர். காசிக்குப் போன மகனையும் காவி கட்ட விழைந்த மகனையும் இருமுறை தடுத்து நிறுத்திய அத்தாயின் பிடிவாதம் இல்லாதிருந்தால், உலகம் ஒரு மருத்துவ அறிஞரை இழந்திருக்கும்.

கதர் அணிந்த மருத்துவ மாணவர்

சென்னை மருத்துவக் கல்லூரியில் இவர் சேர்ந்தபோது, செலவுக்கு உதவியவர்கள் நண்பர்களும் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்னும் பெருமகனாரும் ஆவர். அப்பெருமகனாரின் மகள் சேஷகிரியை 1919ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் சுப்பாராவ் மணந்தார்.

அந்நியப் பொருள்களை விலக்குமாறு காந்தியடிகள் விடுத்த அழைப்பு அக்காலத்து மாணவர்களை ஈர்த்தது. சுப்பாராவ் அதனை அறுவை மருத்துவக் கூடத்துக்குள்ளேயே கொண்டுசென்றார். அறுவைக்குரிய மேலங்கியைக் கதரில் தைத்து அணிந்தார். அறுவை மருத்துவப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் இவர்க்குக் கிட்டவில்லை. அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே கிட்டியது. சென்னை அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றார். அக்கதவும் திறக்கவில்லை.

அந்நிலையில் அவர்க்கு இடமளித்தது மருத்துவர் ஆசண்ட இலட்சுமிபதி அவர்களின் ஆயுர்வேதக் கல்லூரி. அங்கு உடற்கூற்றியல் விரிவுரையாளராகப் பணியாற்றினார். நம் நாட்டு மருந்துகள் நோய் தீர்ப்பதைக் கண்ணாரக் கண்டு, அவை எப்படித் தீர்க்கின்றன என்பதைப் புதிய அறிவியலின் துணைகொண்டு ஆராய விரும்பினார்.

இவ்விருப்பத்துக்குப் பின்னே ஆறாத துயர் ஒன்றிருந்தது. ஸ்ப்ரூ எனப்படும் வெப்ப நாட்டுக் குடல்நோய் இவருடைய உடன்பிறந்தார் இருவரைக் கொண்டுபோயிற்று. உண்ட உணவு உடலில் ஒட்டாமல், கழிச்சலும் குருதிச் சோகையுமாக மெலிந்து மாளும் நோய் அது. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. இலட்சுமிபதியார் ஆயுர்வேத மருத்துவத்தால் அவரைக் காப்பாற்றினார். தம்மைக் காத்த மருந்தில் இருந்த பொருள் யாது, உடன்பிறந்தார் உடலில் இல்லாமற்போன பொருள் யாது என்னும் வினாக்கள் அவரை விட்டு நீங்கியிருக்க வாய்ப்பில்லை.

ராக்ஃபெல்லர் உதவியுடன் சென்னைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தது இவரது எண்ணத்தை அமெரிக்கா நோக்கித் திருப்பியது. காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் மாமனாரின் பொருளுதவியும் கிட்டின. 1922ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் பாஸ்டன் நகரில் கால் வைத்தார். மனைவியாருடன் வாழ்ந்த இல்லறம் மூன்றாண்டுகளே. அதன்பின் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

இரவில் ஏவலர், பகலில் மாணவர்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்ப நாட்டு மருத்துவப் பள்ளியில் இவர் சேர்ந்தார். கொண்டுசென்ற பொருள் போதவில்லை. சென்னையில் பெற்ற சான்றிதழைக் கொண்டு அங்கு மருத்துவராகப் பணிபுரியவும் இயலவில்லை. ஆகவே மருத்துவமனை ஒன்றில் இரவுநேர ஏவலராக வேலை பார்த்தார். நோயாளிகளின் மலசலக் கலங்களை அகற்றித் தூய்மை செய்வதும் அவ்வேலையில் அடக்கம். சென்னையில் விரிவுரை நிகழ்த்திய மருத்துவர் அதனை இழிவாகக் கருதினாரல்லர். இரவெல்லாம் அப்பணி, பகலெல்லாம் படிப்பு.

பட்டயம் பெற்றபின், ஆட்டோ ஃபோலின் தலைமையில் இயங்கிய ஹார்வர்டு உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். அங்குச் சைரஸ் ஃபிஸ்க் என்பார் இவருக்கு வழிகாட்டியாக அமைந்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைத் துல்லியமாகக் காண ஒரு முறை வகுக்க வேண்டும் என்பதே முதற்பணி. அதற்குமுன் வழக்கிலிருந்த முறையில் தோன்றும் நிறம் விரைவில் மங்கிவிடும். கணக்கும் அதனால் பிழைபடும்.

நிலைத்து நிற்கும் நீலம் ஒன்றைத் தரும் முறையை இருவரும் கண்டனர். பாஸ்பேட்டு உள்ள நீர்மத்தில் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்து, அமினோநாஃப்தால் சல்ஃபோனிக் அமிலம் என்னும் ஒடுக்கப் பொருளைச் சொட்டினால், நீர்மம் நீலநிறம் கொள்ளும். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் அடர்ந்து தோன்றும். குறைந்தால் வெளிறித் தோன்றும். அளவு தெரிந்த கரைசல் ஒன்றின் நீலத்தோடு ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். 1925ஆம் ஆண்டு அமெரிக்க உயிர்வேதியியல் ஆய்விதழில் இம்முறை வெளிவந்தது. வந்து நூறாண்டு நிறைந்தபின்னும் உலகெங்கும் ஆய்வகங்களில் இம்முறையும் இதன் வழிவந்த முறைகளும் வழக்கில் உள்ளன.

சவ்வின் கொழுப்பும் சுப்பாராவின் நீலமும்

இவ்விடத்தில் என் மகளின் குறிப்பேட்டுக்குத் திரும்புதல் தகும். சிறுநீரை ஆராய வகுத்த முறைக்கும் உப்பளத்து நுண்ணுயிரிக்கும் என்ன தொடர்பு?

உயிரணு ஒவ்வொன்றையும் போர்த்தி நிற்பது ஒரு சவ்வு. ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறினும் மெலிந்தது அது. அச்சவ்வின் அடிப்படை, கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக அடுக்கி நிற்கும் அமைப்பே. ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் நீரை நாடும் தலையும், நீரை வெறுக்கும் வாலும் உண்டு. தலைகள் வெளிப்புற நீரையும் உட்புற நீரையும் நோக்கியிருக்க, வால்கள் நடுவே ஒன்றையொன்று நோக்கி மறைந்துகொள்கின்றன. இவ்வமைப்பைக் குலைத்துக் கொழுப்பை மட்டும் வெளிக்கொணரக் கரைப்பான்கள் வேண்டும்.

வளர்ப்பு நீரிலிருந்து நுண்ணுயிரிகளைச் சுழற்சிப் பொறியால் கூழாகத் திரட்டுகின்றனர். அக்கூழில் குளோரோஃபார்ம் ஒரு பங்கும் மெத்தனால் இரு பங்கும் ஊற்றிக் குலுக்குகின்றனர். மெத்தனால் நீருடன் கலக்கும். கொழுப்பும் புரதமும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்தும். குளோரோஃபார்ம், தளர்ந்த கொழுப்பைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். மேலும் குளோரோஃபார்மும் நீரும் சேர்த்தவுடன், ஒன்றாயிருந்த கலவை இரண்டு அடுக்காகப் பிரியும். கனமான குளோரோஃபார்ம் கொழுப்பைச் சுமந்து அடியில் தங்கும். சர்க்கரையும் உப்பும் மேலடுக்கில் நிற்கும். புரதம் இடையில் மெல்லிய ஏடாகப் படியும். அடியடுக்கை வடித்தெடுத்துக் கரைப்பானை ஆவியாக்கினால், குழாயின் அடியில் மெல்லிய படலம் ஒன்று எஞ்சும். அதுவே சவ்வின் கொழுப்பு. கனடா நாட்டில் பிளை, டையர் என்னும் இருவர் மீனின் தசைக்கென 1959ஆம் ஆண்டு வகுத்த இம்முறையே நுண்ணுயிரிகளுக்கும் பெரிதும் பயன்படுகின்றது.

உப்பளத்து உயிரிகளைக் கையாளும்போது ஒரு மாற்றம் வேண்டும். நன்னீர் பட்டால் அவை வெடித்துவிடும். ஆதலின் தொடக்கத்தில் உப்பு மிகுந்த கரைசலிலேயே அவற்றை வைத்திருத்தல் வேண்டும். கொழுப்போடு அவற்றின் செந்நிறமியும் குளோரோஃபார்மில் இறங்கிவருவதால், எஞ்சும் படலமும் சிவந்திருக்கும். நம் பாத்திகளில் காணும் சிவப்பு, கண்ணாடிக் குழாயின் அடியில் நகக்கண் அளவாகச் சுருங்கிக் கிடப்பதை மகள் காட்டியபோது நான் வியந்து நின்றேன். அவற்றின் கொழுப்பு, பிற நுண்ணுயிரிகளின் கொழுப்பினின்றும் வேறான ஈதர் பிணைப்பால் அமைந்தது என்பதைக் கனடா நாட்டு மாரிஸ் கேட்ஸும் அவர்தம் குழுவினரும் 1960களில் நிறுவினர்.

நகக்கண் அளவினும் குறைந்த படலத்தை நிறுத்து எடையறிவது எளிதன்று. அங்குத்தான் சுப்பாராவ் துணைக்கு வருகின்றார். சவ்வுக் கொழுப்புகளில் பெரும்பாலானவற்றின் தலைப்பகுதியில் ஒரு பாஸ்பரஸ் அணு உண்டு. படலத்தை அமிலத்தில் சுடவைத்தால் கொழுப்பு சிதைந்து பாஸ்பேட்டு வெளிப்படும். மாலிப்டேட்டையும் ஒடுக்கப் பொருளையும் சேர்த்தால் நீலம் தோன்றும். நீலம் பாஸ்பரஸின் அளவைச் சொல்லும். அதனை ஏறத்தாழ 25ஆல் பெருக்கப் பாஸ்போகொழுப்பின் எடை புலப்படும். 1959ஆம் ஆண்டு பார்ட்லெட் என்பார் இம்முறையைக் கொழுப்பாய்வுக்கேற்பத் திருத்தி அமைத்தபோதும், அடிப்படையாகக் கொண்டது 1925ஆம் ஆண்டின் அந்நீலத்தையேயாகும்.

தசையின் ஆற்றலும் தடைப்பட்ட புகழும்

தாம் செய்த அளவுகோலைக் கொண்டே சுப்பாராவ் அடுத்த கண்டுபிடிப்புகளுக்குச் சென்றார். தசையில் பாஸ்பரஸை அளந்தபோது, எளிதிற் சிதைந்து பாஸ்பேட்டை வெளிவிடும் பொருளொன்று இருப்பது புலனாயிற்று. அது பாஸ்போகிரியாட்டின் என 1927ஆம் ஆண்டு ஃபிஸ்க்கும் இவரும் அறிவித்தனர். அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் இணையர் தனித்து இப்பொருளைக் கண்டிருந்தனர். 1929ஆம் ஆண்டு, உயிர்கள் அனைத்துக்கும் ஆற்றலை வழங்கும் ஏ.டி.பி. என்னும் அரிய மூலக்கூற்றை ஃபிஸ்க்கும் சுப்பாராவும் ஹார்வர்டிலும், கார்ல் லோமன் செர்மனியிலும் கண்டறிந்தனர். பள்ளி மாணவரும் இன்று பாடத்தில் படிக்கும் பெயர் ஏ.டி.பி. அதனோடு சுப்பாராவ் பெயரைப் படித்த மாணவர் சிலரே.

1930ஆம் ஆண்டு ஹார்வர்டு இவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. நிலையான பேராசிரியப் பதவியை மட்டும் அளிக்கவில்லை. பத்தாண்டு ஆசிரியப் பணிக்குப் பின்னும் இடம் உறுதிப்படவில்லை. இவருடைய உழைப்பின் ஒரு பகுதி அச்சேறவும் இல்லை. அத்துறையில் அப்போது பயின்று, பின்னர் 1988ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற சார்ச் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருள்கள் சில வெளிவர ஃபிஸ்க் இடங்கொடாமையால் பல்லாண்டு கழித்துப் பிறரால் மீண்டும் கண்டறியப்பட நேர்ந்தது எனப் பதிவு செய்துள்ளார். ஆய்வேடு எழுதியவர்கள் இதன் வலியை அறிவர். உழைப்பு ஒருவருடையதாகவும் உரிமை மற்றொருவர் கையிலும் இருக்கும் நிலை பல்கலைக்கழகங்களுக்குப் புதியதன்று.

இக்காலத்தில் சுப்பாராவ் ஈரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். கடுஞ்சோகை நோயாளிகள் ஈரலை உண்டால் தேறுகின்றனர் என்பதை மைனாட்டும் மர்ஃபியும் 1926ஆம் ஆண்டு பாஸ்டனில் காட்டியிருந்தனர். ஈரலில் உள்ள எப்பொருள் அவர்களைத் தேற்றுகின்றது? கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாலன்றி விடை கிடைக்காது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோயின் சோகையும் இவர் நினைவில் இருந்திருக்கும்.

லெடர்லே ஆய்வகத்தில் எட்டாண்டுகள்

1940ஆம் ஆண்டு சுப்பாராவ் நியூயார்க்கு மாநிலத்தின் பேர்ல் ரிவர் நகரிலிருந்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவில் ஆராய்ச்சி இயக்குநரானார். பல்கலைக்கழகம் தராத ஆய்வுச் சூழலை மருந்து நிறுவனம் தந்தது. எஞ்சிய எட்டாண்டுகளில் இவரும் இவரது குழுவினரும் ஆற்றிய பணி, பலர் வாழ்நாளெல்லாம் முயன்றாலும் ஆற்றற்கரியது.

முதலாவது ஃபோலிக் அமிலம். இதன் வரலாற்றின் முற்பகுதி நம் நாட்டில் நிகழ்ந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் பம்பாயில் ஆலைத் தொழிலாளரான கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தார். நம் குன்னூரிலும் ஆய்வு செய்தார். ஈஸ்டுச் சாற்றில் உள்ள ஒரு பொருள் அச்சோகையைத் தீர்க்கும் எனக் கண்டார். அப்பொருள் யாதெனத் தெரியவில்லை. கீரையிலிருந்து அதனைச் செறிவாக்கி, இலையின் இலத்தீன் பெயரையொட்டி 1941ஆம் ஆண்டு பெயரிட்டனர் டெக்சாஸ் மாநிலத்து அறிஞர்கள். அவர்கள் கையாண்ட கீரை நான்கு டன். லெடர்லே குழுவினர் ஈரலிலிருந்தும் நுண்ணுயிரி வளர்த்த ஊறலிலிருந்தும் அதனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1945ஆம் ஆண்டு அதனை வேதிமுறையால் ஆக்கியும் காட்டினர். அதன்பின் ஈரலும் வேண்டா, கீரையும் வேண்டா என்ற நிலை வந்தது. அவ்வமிலத்தைத் தாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது அவர்கள் தேறினர். உடன்பிறந்தார் இருவரைக் கொண்ட நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. அவர்கள் மறைந்து இருபதாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அடுத்து, ஃபோலிக் அமிலத்தைப் போன்ற தோற்றங்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களை அக்குழுவினர் ஆக்கினர். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் குருதிப் புற்றுநோயால் மாண்டுகொண்டிருந்த குழந்தைகளுக்கு அவற்றுள் ஒன்றான அமினாப்டெரினைக் கொடுத்தார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேர்க்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948ஆம் ஆண்டு வெளியிட்டார். தணிந்த நோய் மீண்டும் தலைதூக்கியது உண்மையே. ஆயினும் மருந்தால் அந்நோயைப் பின்வாங்கச் செய்யலாம் என உலகம் கண்டது அப்போதுதான். அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட்டு இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாத நோய்க்கும் கொடுக்கப்பட்டு வருகின்றது.

1947ஆம் ஆண்டு யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் வெளிவந்தது. மறு ஆண்டு மண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து எடுத்த பொன்னிற மருந்தாகிய ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டது. அதனைக் கண்டவர் பணி ஓய்வு பெற்றபின் லெடர்லேயில் சேர்ந்த முதியவர் பெஞ்சமின் டக்கர். ஆராய்ச்சியை இயக்கியவர் சுப்பாராவ். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் தலைமகன் அம்மருந்து. 1994ஆம் ஆண்டு சூரத்து நகரைப் பிளேக்கு அச்சுறுத்தியபோது மக்கள் மருந்துக் கடைகளில் தேடி நின்றது டெட்ராசைக்ளின் மாத்திரைகளைத்தான்.

ஈரலாயினும் கீரையாயினும் நுண்ணுயிரி ஊறலாயினும், ஆயிரம் பொருள்கள் கலந்து கிடக்கும் ஒன்றிலிருந்து வேண்டிய ஒரு பொருளை மட்டும் சேதமின்றிப் பிரித்தெடுப்பதே இவ்வனைத்திலும் அமைந்த கைத்திறம். சவ்வின் கொழுப்பைப் பிரிக்கும் மாணவி இன்று பயில்வதும் அக்கைத்திறத்தின் அரிச்சுவடியையே.

மறைவு

ஆரியோமைசின் உலகறிய அறிவிக்கப்பட்டது 1948ஆம் ஆண்டு சூலைத் திங்களில். அடுத்த திங்களிலேயே, ஐம்பத்து மூன்றாம் வயதில், உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் மறைந்தார். இந்தியா விடுதலை பெற்று அப்போதுதான் ஓராண்டு நிறையவிருந்தது.

தம் பெயரை நிலைநாட்ட அறிஞர்கள் வழக்கமாகச் செய்யும் எதனையும் அவர் செய்ததில்லை. காப்புரிமையில் தம் பெயர் வர வேண்டுமென முயன்றதில்லை. வெற்றிகளைக் குழுவின் வெற்றியாகவே கூறி வந்தார். அமெரிக்காவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், சட்டம் இடங்கொடுத்த பின்னும் அந்நாட்டுக் குடியுரிமையை அவர் பெறவில்லை. இந்தியராகவே சென்றார், இந்தியராகவே மறைந்தார். பிற்காலத்தில் பூஞ்சை இனம் ஒன்றுக்கு இவர் பெயரால் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிட்டனர். நூற்றாண்டையொட்டி 1995ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை இவர் உருவம் பொறித்த தலை வெளியிட்டது.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் என் நெஞ்சில் ஒரு முள் தைக்கின்றது. படித்துத் திரும்பிவரச் சென்றவர் கால் நூற்றாண்டாக வரவில்லை. சேஷகிரி அம்மையார் காத்திருந்தார், காத்திருந்தது வீணாயிற்று. பிரிவைப் பாடிய நம் அகப்பாடல்கள் பொருள்வயின் பிரிந்த தலைவனைக் கார்காலத்தில் திருப்பி அழைத்துவருகின்றன. ஓதற்குப் பிரிந்த இத்தலைவர்க்கு அவ்வாறு கார்காலம் வரவில்லை. உலகம் பெற்ற மருந்துகளுக்கு ஒரு பெண் தன் வாழ்வையே விலையாகக் கொடுத்தாள் என்பதை வரலாறு எழுதுவோர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். சுப்பாராவின் பெருமை இதனால் குறைவதாக நான் கூறவில்லை. அவர் பெயரை நினைக்கும்போது, தடுத்து நிறுத்திய வேங்கம்மாவையும் காத்திருந்த சேஷகிரியையும் சேர்த்து நினைப்பதே முறை என்பேன்.

நிறைவாக

நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகளை வழங்குகின்றனர். என் மகளைச் சுமந்த நாளில் அம்மாத்திரைகளை நானும் உண்டேன். விழுங்கும்போது முகம் சுளித்ததுண்டு. யார் தந்தது என எண்ணியதில்லை. யானைக்கால் நோயை ஒழிக்க 2004ஆம் ஆண்டு முதல் நாடு தழுவிய திட்டத்தில் வழங்கப்பட்டு வந்த மாத்திரை இவர் குழுவினர் தந்ததே. அதற்கு முன்பே 1980களில் காரைக்காலில் அம்மருந்தைச் சமையல் உப்பில் கலந்து மக்களுக்கு வழங்கி நோயைக் குறைத்தனர். உப்பு விளையும் ஊரில் வாழும் நமக்கு இச்செய்தி தனி இன்பம் தருவது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நம் வழக்கம். உப்பிலேயே மருந்திட்டவரை நாம் நினைக்காதிருந்தோம்.

என் மகள் ஆய்வேட்டை நிறைவு செய்தபோது, முறைகளைக் கூறும் இயலில் ஃபிஸ்க்–சுப்பாராவ் என்னுமிடத்தில் அடிக்குறிப்பு ஒன்று சேர்த்திருந்தாள். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணியில் பயின்று, நியூயார்க்கில் மறைந்தவர் என மூன்றே வரி. தேர்வாளர் எவரும் அதைப் பற்றி வினவவில்லை. ஆயினும் அவளுக்குப் பின் அந்த ஆய்வகத்தில் பயில வருவோர் அதனைப் படிப்பர்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. புலவர் வரலாறு பேசும் நம் மேடையில், ஆண்டுக்கு ஒரு மாலையேனும் அறிவியலறிஞர் ஒருவரின் வரலாற்றைத் தமிழில் பேசுவோம். முதல் மாலை சுப்பாராவ் அவர்கட்கு உரியதாகட்டும்.